ஊர் வாயை மூட உலைமூடி இல்லை... வலைப்பூ ராணி ஹெதரின் வீட்டுக் கதை!

"அந்தப் பொண்ணு வீடியோவுல சிரிக்குது, ஆனா கண்ணுல சிரிப்பே இல்லையே... கவனிச்சீங்களா?"

"புருஷன் இப்பல்லாம் ஃப்ரேம்லயே வர்றதில்லை. ஏதோ பிரச்னைதான்!"

"அம்மா ஊருக்கெல்லாம் புத்தகம் எழுதுறாங்க. வீட்டுல பிள்ளையை யார் பார்க்கிறாங்களாம்?"

குடும்பத்தோடு இணையத்தில் வலம்வரும் எந்த இன்ஃப்ளூயன்சரின் கமென்ட் பகுதிக்குள் போனாலும், இந்த மூன்றில் ஒன்றாவது கண்ணில் படும். அன்று திண்ணையிலும் குழாயடியிலும் பேசிய அதே பேச்சுதான். இடம் மட்டும் மாறியிருக்கிறது. திண்ணைப் பேச்சு தெருமுனை தாண்டாது. இது கடல் தாண்டுகிறது. அதைவிட முக்கியம், அழியாமல் அங்கேயே கிடக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, படிக்கக் கற்று, ஒருநாள் தன் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்கிறது.

இந்த வகைப் பேச்சை முதன்முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்களில் ஒருவர், அமெரிக்காவைச் சேர்ந்த ஹெதர் ஆம்ஸ்ட்ராங். எழுத்தாளர், இரண்டு பெண் குழந்தைகளின் அம்மா. இன்றைய இன்ஃப்ளூயன்சர்கள் பலர் நடக்கும் பாதையை, இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு முன்பே போட்டவர்.

வேலைக்கு உலை வைத்த வலைப்பூ!

ஆங்கில இலக்கியம் படித்த ஹெதர், 2001-ல் 'டூஸ்' என்ற வலைப்பூவைத் தொடங்கினார். சக ஊழியர்களுடன் சாட் செய்யும்போது 'டூட்' என்ற சொல்லை வேகமாகத் தட்டச்சு செய்ய வராது அவருக்கு. அந்தத் தடுமாற்றத்தில் பிறந்த பெயர்தான் 'டூஸ்'.

வலைப்பூவில் அலுவலகத்தைக் கிண்டலடித்து எழுதினார். யாரோ அதை மேலதிகாரிகளுக்குப் போட்டுக்கொடுக்க, 2002-ல் வேலை போனது. இணையத்தில் எழுதி வேலையை இழப்பவர்களை 'டூஸ்டு' என்று சொல்லும் பழக்கமே அமெரிக்காவில் உருவாகிவிட்டது!

பிறகு கல்யாணம், யூட்டா மாநிலத்தில் குடித்தனம், 2004-ல் முதல் குழந்தை. பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தம் அவரை வாட்டியது. தானாகவே மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு நடந்ததையும் மறைக்காமல் எழுதினார். 'தாய்மை என்றாலே ஆனந்தம்தான்' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், 'எனக்கு முடியவில்லை' என்று ஒரு அம்மா பொதுவெளியில் சொன்னது பல பெண்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வாசகர்கள் லட்சக்கணக்கில் குவிந்தார்கள். விளம்பரங்கள் வந்தன. கணவர் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் வலைப்பூவையே தொழிலாகக் கவனிக்கத் தொடங்கினார். 2009-ல் புத்தகமும் வந்தது. 2011-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் வார இதழ் அவரை 'அம்மா வலைப்பதிவர்களின் ராணி' என்றே அழைத்தது.

வாஷிங் மெஷினும் பத்து லட்சம் ஃபாலோயர்களும்

புகழ் வரும் வாசல் வழியாகவே வம்பும் வரும். 2009-ல் இரண்டாவது குழந்தை பிறந்த சமயம், ஹெதர் வீட்டுக்குப் புதிதாக வாங்கிய மேடேக் வாஷிங் மெஷின் மக்கர் செய்தது. ரிப்பேருக்கு ஆள் வந்தும் சரியாகவில்லை. ட்விட்டரில் தனக்கு இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபாலோயர்களிடம், 'அந்த மெஷினை வாங்காதீர்கள்' என்று பொரிந்து தள்ளினார். உடனே தாய் நிறுவனத்திலிருந்தே போன் வந்தது. மெஷின் சரியானது. வேறொரு நிறுவனம் இலவசமாகவே ஒரு மெஷின் தருகிறேன் என்றபோது, அதை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கச் செய்தார்.

'சாதாரண ஆளுக்கு இந்த கவனிப்பு கிடைக்குமா? கூட்டத்தைக் காட்டி மிரட்டுகிறாரே!' என்று ஒரு தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். செல்வாக்கைப் பயன்படுத்துகிறவரிடம், செல்வாக்கைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை.

ஆனால், பேச்சு அதோடு நிற்கவில்லை. அவர் உடல் மெலிந்தால் ஒரு பேச்சு, வீட்டைப் புதுப்பித்தால் ஒரு பேச்சு. 2012-ல் கணவரும் மனைவியும் பிரிந்தபோது, யார்மேல் தவறு என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தீர்ப்பு எழுதினார்கள். இதற்கென்றே தனித் தளங்கள் இயங்கின. 'ஐயோ, அந்தக் குழந்தைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது' என்று தொடங்கி, அந்தக் குழந்தைகளைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினார்கள். அம்மா எழுதியது ஒரு மடங்கு என்றால், அம்மாவைத் திட்டியவர்கள் எழுதியது பத்து மடங்கு!

வசவுக்கும் காசு!

இங்கே ஹெதர் செய்த ஒரு காரியம் சுவாரஸ்யமானது. தனக்கு வந்த வசைக் கடிதங்களை எல்லாம் திரட்டித் தனிப் பக்கம் ஒன்றில் போட்டார். சுற்றிலும் விளம்பரங்களை நிரப்பினார். திட்டுவதைப் படிக்க வருபவர்களாலும் காசு வரட்டுமே என்று!

வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால், இன்றைய சமூக ஊடக வியாபாரத்தின் சூட்சுமமே இதுதான். பிடித்துப் பார்த்தாலும் ஒரு வியூ, கரித்துக்கொட்டப் பார்த்தாலும் ஒரு வியூ. 'இந்தக் குடும்பம் பிள்ளையை வைத்துச் சம்பாதிக்கிறது' என்று கோபமாக கமென்ட் போடுகிறீர்களே... அந்த கமென்ட்டும் அந்த வீடியோவை இன்னும் நாலு பேருக்குக் கொண்டு சேர்க்கிறது.

ஏன் நம்மால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை? மானுடவியல் ஆய்வாளர் ராபின் டன்பார், 1996-ல் எழுதிய நூலில் ஒரு விளக்கம் தருகிறார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. மனிதக் கூட்டம் பெரிதானபோது, அந்த இடத்தை ஊர்க்கதை பேசுவது எடுத்துக்கொண்டது என்பது அவர் வாதம். யாரை நம்பலாம், யாரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் தெரிந்துகொண்டது இப்படித்தான். தினமும் திரையில் பார்க்கும் முகத்தை நெருங்கிய சொந்தமாகவே மனம் எண்ணிக்கொள்வதை, ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது அவர்கள் சொன்னது ரேடியோ, டி.வி-யைப் பற்றி. இன்று அந்தத் திரை நம் தலையணைக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. அதனால்தான் அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணை, 'நம்ம வீட்டுப் பொண்ணு' போல உரிமையோடு திட்ட முடிகிறது.

பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை

விமர்சனங்கள் எல்லாமே வீண் வம்பா என்றால், இல்லை. குழந்தையின் மலச்சிக்கல் வரை ஹெதர் எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தையிடம் யார் அனுமதி கேட்டது? காலம் மாற, விளம்பர நிறுவனங்களின் எதிர்பார்ப்பும் மாறியது. பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் வந்தால் போதாது, குடும்பமே அந்தப் பொருளைப் பயன்படுத்துவதுபோலக் கதை எழுத வேண்டும் என்றார்கள். அதற்காகப் பிள்ளைகளை வைத்து நிகழ்வுகளை உருவாக்க வேண்டிவந்தது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. 2015-ல் அவர் வழக்கமான எழுத்திலிருந்து விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த சில ஆண்டுகள் கடும் மன அழுத்தம். 2017-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை சிகிச்சையில் சேர்ந்தார். மயக்க மருந்து கொடுத்து, மூளையின் செயல்பாட்டைக் கிட்டத்தட்ட அடக்கி, மீண்டும் எழுப்புவார்கள். இப்படிப் பத்து முறை! அந்த அனுபவத்தை 2019-ல் புத்தகமாக எழுதினார். மன நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய அந்த எழுத்து பலருக்கு உதவியது.

2023 மே 9 அன்று, சால்ட் லேக் சிட்டியில் உள்ள தன் வீட்டில் ஹெதர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 47. நீண்ட கால மன அழுத்தத்தோடும் மதுப் பழக்கத்தோடும் போராடியவர் அவர். 'வம்புதான் கொன்றது' என்று ஒரே வரியில் முடிப்பதும் இன்னொரு வம்பாகத்தான் இருக்கும். ஆனால், அவரை நக்கலடித்து எழுதியவற்றில் பல அவருக்குப் பின்னும் இணையத்தில் இருக்கின்றன. அதைப் படிக்கப்போவது அவர் பிள்ளைகள். (மன அழுத்தத்தில் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம்.)

வம்பு சரியாகிப்போன கதை

'அப்படியானால் யாரைப் பற்றியும் பேசவே கூடாதா?' என்று கேட்பீர்கள். அதற்குப் பதிலாக, அதே யூட்டா மாநிலத்திலிருந்து இன்னொரு கதை.

ஆறு குழந்தைகளின் அம்மாவான ரூபி ஃப்ராங்கி, '8 பாசஞ்சர்ஸ்' என்ற யூடியூப் சேனலை 2015-ல் தொடங்கினார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சப்ஸ்கிரைபர்கள். 2020-ல் வந்த ஒரு வீடியோவில், தண்டனையாகத் தன் படுக்கையைப் பறித்துவிட்டதாகவும், ஏழு மாதங்கள் பீன் பேக்கில் தூங்கியதாகவும் அவருடைய மகனே சொன்னான். சாப்பாட்டை மறந்துவிட்டுப் போன சின்னப் பெண்ணுக்குப் பள்ளியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன் என்றார் அம்மா. பார்த்தவர்கள் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு, குழந்தைகள் நலத் துறை விசாரிக்க வேண்டும் என்றார்கள். அப்போது யாரும் கைதாகவில்லை. 'வேலையற்றவர்களின் வம்பு' என்று சொன்னவர்களும் உண்டு.

2023 ஆகஸ்ட் 30. அந்த வீட்டின் 12 வயதுச் சிறுவன் ஒருவன், அம்மாவின் தொழில் கூட்டாளியான ஜோடி ஹில்டபிராண்ட் வீட்டிலிருந்து தப்பி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உணவும் தண்ணீரும் கேட்டான். உடம்பெல்லாம் மெலிந்து, காயங்களோடு நின்றான். இரண்டு பெண்களும் கைதானார்கள். குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில், ஒவ்வொன்றும் 1 முதல் 15 ஆண்டுகள் வரையிலான நான்கு தண்டனைகளை அடுத்தடுத்து அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃப்ராங்கி வீட்டைப் பற்றிக் குரல் எழுப்பியவர்கள், யூகத்தைப் பேசவில்லை. வீடியோவிலேயே இருந்ததைக் காட்டினார்கள். அம்மாவின் அழகையோ புருஷன் மனைவி சண்டையையோ பிடித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குப் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கிறதா என்று கேட்டார்கள். கமென்ட்டோடு நிறுத்தாமல், கேட்க வேண்டிய துறையிடம் கேட்டார்கள்.

மகள் எழுதிய புத்தகம்

ரூபியின் மூத்த மகள் ஷாரி, 2024 அக்டோபரில் யூட்டா சட்டமன்றக் குழுவின் முன் வந்து பேசினார். சங்கடமான தருணங்களைப் படம் பிடிக்கச் சம்மதித்தால் தங்களுக்குப் பணமோ, ஷாப்பிங்கோ கிடைத்தது என்றார். 2025 ஜனவரியில் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். அதில் அவர் கடைப்பிடித்த ஒரு கட்டுப்பாடு கவனிக்க வேண்டியது... வயது வராத தம்பி, தங்கைகளின் கதையை அவர் எழுதவில்லை. அது அவர்களுடைய கதை என்பதால்!

2025 மார்ச்சில் யூட்டாவில் புதிய சட்டம் கையெழுத்தானது. குழந்தைகளை வைத்து வீடியோ எடுத்துச் சம்பாதிப்பவர்கள், அதில் ஒரு பங்கை அவர்கள் பெயரில் ஒதுக்க வேண்டும். வளர்ந்த பிறகு, தங்கள் வீடியோக்களை நீக்கச் சொல்லவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதலே வருமானப் பங்குக்குச் சட்டம் இருக்கிறது. அதற்கு விதை போட்டவர் ஒரு பள்ளி மாணவி. 'தி கிட்' படத்தில் சாப்ளினோடு நடித்த சிறுவன் ஜாக்கி கூகன் சம்பாதித்த பல லட்சம் டாலர்களைப் பெற்றோரே செலவழித்துவிட, 1939-ல் கலிஃபோர்னியாவில் குழந்தை நட்சத்திரங்களுக்காக வந்த சட்டம்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி.

இந்தியாவிலும் 2017 முதல் விதி இருக்கிறது. நடிக்கும் குழந்தைகளை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதத்தை அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஆனால், கேமரா அப்பா கையிலும் ஷூட்டிங் வீட்டு ஹாலிலும் இருக்கும்போது அந்த ஐந்து மணி நேரத்தை யார் எண்ணுவது?

விரல் வைப்பதற்கு முன்...

அடுத்த முறை ஒரு குடும்ப வீடியோவைப் பார்த்து கமென்ட் போடக் கை பரபரத்தால், ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேனா, யூகித்ததைச் சொல்கிறேனா? பத்து வருடம் கழித்து அந்தக் குழந்தை இதைப் படித்தால், 'எனக்காக ஒருவர் பேசியிருக்கிறார்' என்று நினைக்குமா, 'என் வீட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்' என்று நினைக்குமா?

ஒரு குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்து என்று தோன்றினால் கமென்ட் வேண்டாம். நம் நாட்டில் 1098 என்ற எண் இருக்கிறது, அழையுங்கள். அந்த வீடியோவை மேலும் பத்துப் பேருக்கு ஃபார்வேர்டு செய்யாதீர்கள். விஷயம் புருஷன், மனைவி, எடை, புடவை, மாமியார் என்றால்... மேலே தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள். பார்க்க ஆளில்லாத வம்புக்கு எந்த ஸ்பான்சரும் காசு தரப்போவதில்லை!