ஊர் நகரலை, மாவட்டம்தான் மாறிச்சு: ஹாஷ் டேபிள்ல கீ ஏன் மாறக் கூடாது?

இன்னைக்கு ஹாஷ் டேபிள். அதுலயும் ஒரே ஒரு கேள்வி: மாறக்கூடிய ஆப்ஜெக்ட்டை ஏன் கீயா வைக்கக் கூடாது?

நம்ம கோவில்பட்டியை எடுத்துக்குவோம். 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி மாவட்டம். அப்புறம் சிதம்பரனார் மாவட்டம். 1997-ல இருந்து தூத்துக்குடி மாவட்டம். ஊரும் கரிசல் மண்ணும் அதே இடத்துலதான் இருக்கு. விலாசத்துல ஒரு வரி மாறிச்சு.

இப்போ ஜாவாவுல ஒரு ஹாஷ்மேப்னு வச்சுக்கோங்க. கீ, ஊரும் மாவட்டமும் சேர்ந்த ஆப்ஜெக்ட். வேல்யூ, அந்த ஊர் விவசாயிகளோட பயிர்க் காப்பீட்டு விவரம். ஊர், மாவட்டம் ரெண்டையும் வச்சு ஹாஷ்கோடுன்னு ஒரு எண் வரும். ஆரம்பத்துல இருக்கிற 16 அறைகள்ல எதுல வைக்கணும்னு அந்த எண்தான் முடிவு பண்ணும். தேடும்போதும் அதே கணக்கைப் போட்டு நேரா அந்த அறைக்கே போகும். வேகத்தோட ரகசியம் அதுதான்.

உள்ளே வச்ச பிறகு, அதே ஆப்ஜெக்ட்ல திருநெல்வேலியைத் தூத்துக்குடின்னு மாத்திடுறோம். புதுப் பெயர்ல தேடினா ஹாஷ் வேற, பெரும்பாலும் அறையும் வேற. பழைய பெயர்ல தேடினா சரியான அறைக்குப் போகும். ஆனா அங்கே இருக்கிற கீயில இப்போ தூத்துக்குடின்னு இருக்கே, ஈக்வல்ஸ் ஒத்துக்காது. எப்படித் தேடினாலும் 'நல்'தான்.

சைஸ் மட்டும் குறையாது. ரிமூவ் வேலை செய்யாது. எர்ரரும் வராது. தரவு உள்ளேயே இருக்கும்போது, ஒரு சம்சாரிக்கு "உங்க ஊருக்குப் பதிவே இல்லை"ன்னு பதில் போகும். ஆபத்து அங்கேதான்.

பைத்தான்ல லிஸ்ட்டை கீயா வச்சா உடனே டைப்எர்ரர். ஜாவா தடுக்காது, நாமதான் பார்த்துக்கணும். ஸ்ட்ரிங் மாதிரி மாறாததை கீயா வைங்க. மாத்தியே ஆகணும்னா முதல்ல ரிமூவ், அப்புறம் புது கீயோட புட்.

அதைவிட நல்லது, மாற வாய்ப்புள்ள விவரத்தைக் கீக்குள்ள கொண்டு வராம இருக்கிறது. ரயில்வேயில கோவில்பட்டியோட ஸ்டேஷன் கோடு சி.வி.பி. அதுல மாவட்டமே கிடையாது. நாளைக்கு மாவட்டத்துக்கு என்ன பெயர் வந்தாலும் அந்தக் கோடைத் தொட வேண்டியதில்லை. மாவட்டம் வேல்யூவுக்குள்ள இருக்கட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் மாறட்டும்.