நுண்ணுலகில் சக்தி விரயத்தைக் குறைக்கும் வழி

நீர்த்தொட்டியினுள் கையை மெல்ல நகர்த்தினால் தடை புலப்படுவதில்லை. விரைந்து நகர்த்தினால் நீர் எதிர்க்கின்றது. விரைவுக்காகச் செலவிட்ட மிகைச் சக்தி வெப்பமாகி நீரில் கலந்துவிடுகின்றது. மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவிலும் இவ்விதி பொருந்தும்.

நமது உயிரணுக்களில் இயங்கும் மூலக்கூறு இயந்திரங்கள் இவ்வளவினவே. இவற்றைச் சுற்றியுள்ள நீர்த்துகள்கள் இடைவிடாது மோதி அலைக்கழிக்கின்றன. அறை வெப்பநிலையில் இவ்வலைவின் சக்தி சுமார் 4 × 10⁻²¹ ஜூல். உயிரணுவின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று தருவதோ அதைப்போல் ஏறத்தாழ 20 மடங்கே. இச்சிறு முதலில் விரயத்திற்கு இடமேது?

முடிவின்றி மெல்ல இயங்கினால் விரயம் இராது. ஆனால் உயிர் காத்திருக்காது. எனவே, குறித்த நேரத்திற்குள் எவ்விடத்தில் விரைவது, எவ்விடத்தில் தணிவது என்பதே வினா.

2012-ஆம் ஆண்டில் சிவக், குரூக்ஸ் என்னும் அறிஞர்கள் இதற்கு விடை கண்டனர். அமைப்பு தன் சமநிலைக்கு மீள நெடுநேரம் கொள்ளும் இடத்தில் உராய்வு மிகுதி. அவ்விடத்தில் வேகம் தணிதல் வேண்டும். உராய்வு 4 மடங்காயின் வேகத்தைப் பாதியாக்குதல் தகும். இவ்வுராய்வை அறிய அமைப்பை வருத்த வேண்டுவதில்லை. அசையாது பிடித்திருக்கையில் விசையில் தோன்றும் ஏற்றத்தாழ்வுகளே அதனைக் காட்டிவிடும்.

இக்கொள்கை 2019-இல் சோதிக்கப்பட்டது. கொண்டை ஊசிபோல் மடிந்த டி.என்.ஏ. இழையொன்றின் முனைகளை நுண்மணிகளுடன் பிணைத்து, லேசர் ஒளியால் மணியைப் பற்றி இழுத்தனர். குறிப்பிட்ட விசையில் இழை மடிவதும் விரிவதுமாக ஊசலாடும். உராய்வு மிகும் கட்டம் அதுவே. அங்கு நிதானித்தும், ஏனைய இடங்களில் விரைந்தும் இழுத்தபோது, ஒரே சீரான வேகத்தில் இழுத்ததைவிட விரயம் குறைந்தது. மொத்த நேரம் இரண்டிலும் ஒன்றே. மீண்டும் மடியச்செய்தபோதும் இப்பயன் கிட்டியது.

கணிப்பொறிகளுக்கும் இது தொடர்புடையதே. ஒரு துணுக்குச் செய்தியை அழிக்க, அறை வெப்பநிலையில் குறைந்தது சுமார் 3 × 10⁻²¹ ஜூல் வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று 1961-இல் லாண்டாவர் கூறினார். அழிக்கும் நேரம் நீளநீள வெப்பம் அவ்வெல்லையை நெருங்குவதைப் பிரான்சின் லியோன் நகரில் நடந்த சோதனை 2012-இல் காட்டியது.

மாணவர்க்கு இதனை விளக்க மேடுபள்ளமான பாதையில் நீர்க்குடம் சுமந்து செல்பவரே போதும். மேட்டில் நிதானித்துச் சமவெளியில் விரைபவர், உரிய நேரத்தில் நீரும் சிந்தாது வந்து சேர்வார்.