கிழட்டு மோட்டார்களின் திருவிழா

மனிதனுக்கு வயது ஏற ஏற மதிப்புக் குறைகிறதென்று வருந்துவோர் உண்டு. மோட்டார் வண்டியின் விஷயம் விசித்திரமானது. இருபது வயதில் அதைக் கேட்பாரில்லை. எண்பதை எட்டிவிட்டாலோ அதற்கு ராஜோபசாரந்தான்!

இந்த உபசாரத்தைக் காண விரும்புவோர் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள ஹெர்ஷி என்னும் ஊருக்குச் செல்லவேண்டும். சாக்லேட்டுக்குப் பேர்போன அவ்வூரில், 1935-ல் ஸ்தாபிதமான பழைய மோட்டார்ச் சங்கத்தார் 1955 முதல் இலையுதிர் காலத்தில் கண்காட்சி நடத்தி வருகிறார்கள்.

பாக்கார்டு, காடிலாக், டூஸன்பர்க் முதலிய சீமான்களின் வண்டிகள் அங்கே கண்ணைப் பறிக்கும். ஆனால் அமெரிக்க ஜனங்களின் வாழ்க்கையை மாற்றியது அவையல்ல. ஃபோர்டு கம்பெனியின் 'டி' மாடல் என்னும் எளிய வண்டியே. 1908 முதல் 1927 வரையில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. 1913-ல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் ஒரு புதுமை புகுந்தது. வேலையாள் வண்டியைத் தேடிப் போகாமல், வண்டியே வேலையாளைத் தேடி நகர்ந்து வந்தது! பன்னிரண்டு மணிக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை, சீக்கிரத்திலேயே ஒன்றரை மணியில் முடியலாயிற்று. ஆரம்பத்தில் 850 டாலர் விற்ற வண்டி 1925-ல் 260 டாலருக்குக் கிடைத்தது. குடியானவனும் மோட்டாருக்கு எஜமானனானான்.

அதை ஓட்டுவதே ஒரு வித்தை. காலடியில் மூன்று மிதிகள்: இடப்புறம் வேகம் மாற்ற, நடுவே பின்னால் செலுத்த, வலப்புறம் நிறுத்த. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் பிடியோ கைச்சக்கரத்தின் கீழே! எண்ணெய் தானாகவே இயந்திரத்துக்கு வடிய வேண்டியிருந்ததால், தொட்டியில் பெட்ரோல் குறைந்த சமயம் செங்குத்தான மேட்டில் ஏற வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே ஏற்றினார்கள்.

இத்தகைய கிழவண்டியை எவ்விதம் காப்பாற்றுவது? அக்கண்காட்சியில் புதுப்பித்த வண்டிகளுக்கு ஒரு போட்டி உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கோலத்தில் அவை இருக்கின்றனவா என்று நடுவர்கள் துருவிப் பார்க்கிறார்கள். பழைய பூச்சும் பழைய தோலும் கலையாத வண்டிகளுக்குத் தனி வகுப்பும் உண்டு. புதுப்பித்த வண்டி, செய்த நாளின் நேர்த்தியைக் காட்டுகிறது. தேய்ந்த ஆசனமும் மங்கிய வர்ணமுமோ அதில் ஏறியவர்களின் வாழ்வையே காட்டுகின்றன.

புதுவர்ணத்தை எந்த நாளும் பூசலாம். சுரண்டி எறிந்த பழைய வர்ணத்தை எந்தக் கைதேர்ந்த தொழிலாளியும் மீட்டுத் தரமுடியாது. ஆகையால், பழம்பொருளின் மீது அபிமானமுள்ளவர்கள் உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் சற்று யோசிப்பது நலம்.