திரையில் ஒட்டிக்கொண்ட நிழல்

ஈசூனில் என் பெரியம்மா வீட்டில் காலை எட்டு மணிக்கு ஓடத் தொடங்கும் தொலைக்காட்சி, இரவு பத்தரைக்குத்தான் நிற்கும். பார்க்கிறாரோ இல்லையோ, வீட்டில் ஆள் பேசும் சத்தம் இருக்கவேண்டும் அவருக்கு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகன் தவணையில் வாங்கித் தந்த 55 அங்குல ஓஎல்இடி பெட்டி அது. போன தீபாவளிக்குப் போனபோதுதான் கவனித்தேன். திரையில் வெள்ளைப் புடவையோ வெளிர்நிற வானமோ வந்தால் மேல் மூலையில் ஒளிவழிச் சின்னம் நிழலாகத் தெரிந்தது. ஒளிவழியை மாற்றினாலும் போகவில்லை. விற்ற கடையில் கேட்டதற்கு, “இது பழுது இல்லை, தேய்மானம். உத்தரவாதத்தில் சேராது” என்றார்கள். திரையை மட்டும் மாற்றச் சொன்ன விலைக்குச் சற்றுப் போட்டால் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம்.

ஓஎல்இடி திரைக்குப் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிவிடும். கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். இருட்டறையில் படம் பார்த்தால் அந்தக் கறுப்பின் அழகு புரியும், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஒளிவிடும் கரிமப் பொருள், மின்சாரம் பாயப் பாய மங்குகிறது. அதிலும் நீல நிறத்துக்குரிய பொருளுக்குத்தான் ஆயுள் குறைவு. ஒரே சின்னம் ஒரே இடத்தில் நாள் முழுக்க எரிந்தால், அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட முன்னதாகவே கிழடாகிவிடும். பெரியம்மா வீட்டு நிழல் அதுதான்.

சோனி நிறுவனம் 2007 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட முதல் ஓஎல்இடி தொலைக்காட்சி வெறும் 11 அங்குலம். திரையின் கனம் 3 மில்லிமீட்டர், விலை 2 லட்சம் யென். ஆயுள் 30,000 மணி நேரம் என்றார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் பார்ப்பவருக்கு அது பத்தாண்டு. பெரியம்மாவின் கணக்கில் ஆறாண்டுகூட வராது. 2013ல் எல்ஜி நிறுவனம் தென்கொரியாவில் 55 அங்குலப் பெட்டியைக் கொண்டுவந்தபோது விலை 1 கோடியே 10 லட்சம் வோன். இன்று அதே அளவு பெட்டியை இங்கே தள்ளுபடிக் காலத்தில் ஈராயிரம் வெள்ளியை ஒட்டி வாங்கலாம். ஆயுளும் கூடிவிட்டது, லட்சம் மணி நேரம் என்கிறார்கள்.

அந்த ‘ஆயுள்’ எதைக் குறிக்கிறது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. திரையின் ஒளி பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அது. திரை முழுதும் சீராக மங்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூலை மட்டும் முந்திக்கொள்வதுதான் தொல்லை. கனடாவின் ஆர்டிங்ஸ் சோதனை நிறுவனம் 2018ல் ஆறு ஓஎல்இடி பெட்டிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. செய்தி ஒளிவழி ஓடிய பெட்டிகளில் தடம் பதிந்தது. காட்சி மாறிக்கொண்டே இருந்த போர் விளையாட்டு ஓடிய பெட்டியில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

பெரியம்மா வீட்டில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று தினமும் இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவார். நம் வீடுகளில் பலருக்கும் உள்ள பழக்கம். ஆனால் இவ்வகைப் பெட்டிகள் சில மணி நேரம் ஓடிய பிறகு, தொலைவியக்கியால் அணைத்ததும் தூங்குவதுபோல் இருந்துகொண்டே படப்புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து சரிசெய்கின்றன. சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. சில காசு மிச்சப்படுத்தப் போய்த் திரைக்கே வினையாகிவிட்டது. கடைக்காரர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நாள் முழுக்கத் தொலைக்காட்சி ஓடும் வீட்டுக்கு, அதிலும் மூத்தோர் இருக்கும் வீட்டுக்கு, பின்விளக்குள்ள எல்சிடி வகையே போதும் என்பேன். அதில் பெரும்பாலும் பின்விளக்குப் பட்டைதான் முதலில் போகும், அதை மாற்றலாம். கியூஎல்இடி என்று விற்பதும் இந்த எல்சிடி குடும்பம்தான். ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஓஎல்இடி என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கரிமப் பொருளே இல்லாத மைக்ரோஎல்இடி வந்திருக்கிறது. ஆனால் 2020 இறுதியில் சாம்சுங் அறிவித்த 110 அங்குலத் திரையின் விலை 17 கோடி வோன். அது நமக்கில்லை.

ஏற்கெனவே ஓஎல்இடி வாங்கிவிட்டவர்கள் கடையில் வைத்திருந்த பளீர் ஒளியமைப்பைக் குறைத்துவிடுங்கள். ஒரே ஒளிவழியை மணிக்கணக்கில் விடாதீர்கள். பழைய பெட்டியைக் கழிக்க வேண்டியிருந்தால், 2021 ஜூலையிலிருந்து இங்கே புதியதைக் கொண்டுவரும் கடையே பழையதை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பெரியம்மா பெட்டியை மாற்றவில்லை. பகலில் இப்போது ஒலி 96.8 கேட்கிறார், மாலை நாடகத்துக்குத்தான் தொலைக்காட்சி. சுவர் சுவிட்சின் மேல் பேரன் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறான்: “பாட்டி, இதை அணைக்காதீங்க.”