நிறுத்திய காரில் நழுவும் மின்சாரம்

இரவு இரண்டு மணி. மனைவிக்குப் பிரசவ வலி. பட்டணத்து மருத்துவமனையோ முப்பது கிலோமீட்டர். தோட்டக் கிராணி ஒருவர் பதறிப் போய்க் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்ற ஓசையோடு சரி, கார் அசையவில்லை. நல்ல வேளையாக, பக்கத்து வீட்டுத் தம்பி வேனைக் கொண்டு வந்தார். தாயும் சேயும் நலம்.

மறுநாளே கிராணியார் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினார். அடுத்த வாரமே அதுவும் செத்துக் கிடந்தது! குற்றம் பேட்டரியில் இல்லை. கார் நிற்கும் போதே ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக் கொண்டிருந்தது.

நிற்கும் காருக்கும் சிறிதளவு மின்சாரம் வேண்டும். கடிகாரம், ரேடியோவின் நினைவு, திருட்டுத் தடுப்பு மணி ஆகியவற்றுக்காக 0.05 ஆம்பியர் வரை செலவாவது இயல்பு. ஆனால் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர் போகும். ஒரு நாளில் பத்து ஆம்பியர்-மணி! நடுத்தரக் காரின் 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நான்கு நாளில் படுத்துவிடும்.

முதலில் பேட்டரியையே சோதியுங்கள். இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. இயந்திரம் ஓடும் போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் சரியாக ஊட்டவில்லை என்று பொருள்.

இவை சரியாக இருந்தால் கசிவைத் தேடலாம். விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். கை மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணையுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும் போது சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டரின் பியூஸ் எரிந்துவிடும். புதிய கார்களின் கணினிகள் உறங்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். கதவைத் திறக்காமல் பொறுத்திருங்கள்.

பிறகும் அளவு கூடுதலாக இருந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, மீண்டும் அதே இடத்தில் பொருத்துங்கள். எந்தப் பியூஸை எடுத்ததும் அளவு சட்டென்று விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் திருடன் இருக்கிறான். எதிலும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசியக்கூடும். அதை மின்வேலை தெரிந்த பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

கிராணியாரின் காரில் மீட்டர் 0.45 காட்டியது. உள்விளக்குப் பியூஸை எடுத்ததும் 0.03 ஆனது. பின்புறச் சாமான் பெட்டியைத் திறந்து விளக்கைத் தொட்டால், சுடுகிறது! மூடினால் அணைக்க வேண்டிய சுவிட்சு வளைந்து கிடந்தது. காய்கறிக் கூடை இடித்திருக்கிறது. சுவிட்சை நிமிர்த்தினார்கள், வேலை முடிந்தது. ஒரு பேட்டரி வாங்கிய காசுதான் வீண்.

கடையில் பிறகு பொருத்திய கேமரா, இடங்காட்டும் கருவி போன்றவற்றின் மீதும் ஒரு கண் இருக்கட்டும். சாவியை எடுத்த பின்னும் இவற்றில் சில உயிரோடு இருக்கும்.

பல நாள் வெளியூர் போவதானால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போகலாம். கழற்றும் போது நெகட்டிவ் முதலில். மாட்டும் போது அது கடைசியில். பட்டணத்தை விட்டுத் தள்ளி வசிப்பவர்கள் கார் எடுக்காத நாட்களில், படுக்கப் போகும் முன் ஒரு தரம் இயந்திரத்தைக் கிளப்பிப் பார்ப்பதும் நல்லது. நோயும் வலியும் நேரம் பார்த்து வருவதில்லை அல்லவா?