கார்த்திகை மழையில் அழுகும் விதை வெங்காயம்

பெரம்பலூர் மாவட்டத்தில் புரட்டாசியில் ஊன்றிய சின்ன வெங்காயம் கார்த்திகையில் பறிப்புக்கு வந்துவிடும். 70 நாள் பயிர். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நேரமும் அதுதான். செட்டிகுளம், பாடாலூர் பக்கம் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த நாட்களில் தூக்கம் கிடையாது.

தாள் சாய்ந்ததும் பாய்ச்சலை நிறுத்த வேண்டும். மோட்டாரை நிறுத்தலாம், மழையை யார் நிறுத்துவது? செம்மண் காடு என்றால் ஓரளவு வடிந்துவிடும். கரிசலில் தண்ணீர் கட்டினால் காய் மண்ணுக்குள்ளேயே அழுகும். முன்பே திருகல் நோய் கண்டிருந்தால் தாள் சுருண்டு, கழுத்து நீண்டு, காய் பருக்காமலே நின்றிருக்கும். மழை விட்ட இடைவெளியில் பறிக்கலாம் என்றால் ஆள் கிடைப்பதில்லை. அன்றைக்கு எல்லார் காட்டிலும் பறிப்பு.

பறித்த காயைத் தாளோடு உலர்த்த வேண்டும். கைதேர்ந்த பெண்கள் காயும் தாளும் சேரும் கழுத்தை இரு விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். வழுக்கினால் உள்ளே ஈரம். சருகாக நொறுங்கினால்தான் சேமிப்புப் பட்டறையில் ஏற்றலாம். அவசரப்பட்டு ஈரக் காயை ஏற்றினால் அழுகல் பக்கத்துக் காய்களையும் பிடித்துக்கொள்ளும்.

விலை வீழ்ச்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். என் கவலை விதையைப் பற்றியது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக் காய் தேவை. சிறு விவசாயி அதைத் தன் பட்டறையிலிருந்துதான் எடுக்கிறார். கார்த்திகை மழையில் அது கெட்டால் இந்தப் போகத்தின் வருமானத்தோடு அடுத்த போகத்தின் விதையும் போகிறது. ஊரே விதை தேடும்போது சொன்ன விலைக்கு, கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். முடியாதவர் மக்காச்சோளத்துக்கு மாறுகிறார்.

விதை தூவி நாற்று விட்டு நடும் கோ 5 ரகம் இருக்கிறதே என்பார்கள். நல்ல ரகம்தான். ஆனால் நாற்றுக்கே 40 நாள் கூடுதலாக வேண்டும். அந்த நாற்றங்காலையும் மழையிலிருந்து காப்பாற்ற வேண்டும்.

பட்டறை அமைக்க மானியம் தருகிறார்கள். காய் பட்டறைக்குப் போகும்முன் நனையாமல் உலர இடம் எங்கே? தார்ப்பாயை மூடி மூடித் திறந்தால் உள்ளே புழுங்கித்தான் போகும். நான்கு பக்கமும் காற்றோடும், கூரை போட்ட பொது உலர்களம் ஒவ்வொரு வெங்காய ஊருக்கும் வேண்டும். புரட்டாசி நடவுக்கு முன்பே ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. விவசாயிகளே, அதில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.