பட்டாசுத் தூசியும் ரத்தக் குழாயும்: நம் செல்லுக்குள் இருக்கும் 'போர்மேன்' என்ன செய்கிறது? எளிய விளக்கம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை. இந்த ஊர்ப் பெயர்கள் செய்தியில் வந்தாலே, 'எந்த ஆலையில விபத்து?' என்றுதான் முதலில் கேட்கிறோம். வெடித்தால் சத்தம் கேட்கும், செய்தியும் வரும். ஆனால் மருந்து கலக்கும்போதும், அதை வெடிகளில் நிரப்பும்போதும் மூச்சோடு உள்ளே போகிற தூசி சத்தமே போடாது. நுண்ணிய தூசி நுரையீரலோடு நிற்காமல் ரத்தக் குழாயையும் பாதிக்கும். அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள உதவுவதுதான் மைக்ரோ ஆர்என்ஏ.

மைக்ரோ ஆர்என்ஏ என்றால் என்ன?

ஒரு செல்லை பட்டாசு ஆலையாக நினைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏதான் ஆபீஸில் இருக்கும் பெரிய நோட்டு. அதிலிருந்து எழுதி அனுப்பும் வேலைச் சீட்டுதான் எம்ஆர்என்ஏ. சீட்டில் உள்ளபடி புரதம் தயாராகும். மைக்ரோ ஆர்என்ஏ இதில் போர்மேன் மாதிரி. குறிப்பிட்ட சீட்டில் போய் ஒட்டிக்கொண்டு, 'இது போதும், நிறுத்து' என்று சொல்லிவிடும்.

இதன் நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். மனித உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை ஆராய்ந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகியோர் 1993-ல் இதை வெளிக்கொண்டு வந்தனர். அதற்காக 2024-ல் மருத்துவ நோபல் பரிசும் பெற்றனர்.

ரத்தக் குழாயில் இதற்கு என்ன வேலை?

ரத்தக் குழாயின் உட்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். எரிச்சல் ஏற்பட்டால் அந்தச் சுவரில் ஒட்டும் புரதங்கள் முளைக்கும். ரத்தத்தில் போகும் வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். இதுதான் அழற்சி. கிருமி வந்தால் இது தேவை. ஆனால் நீண்ட காலம் நீடித்தால் கொழுப்பு படியும், குழாய் குறுகும். மாரடைப்பு, பக்கவாதத்துக்கு அதுவே பாதை.

'மிர்-126' என்ற மைக்ரோ ஆர்என்ஏ, ஒட்டும் புரதம் ஒன்றின் உற்பத்தியைக் குறைத்து வைக்கிறது. 'மிர்-146ஏ' வேலை செய்யும் விதம் இன்னும் சுவாரஸ்யம். அழற்சிக்கான அலாரம் அடிக்கும்போதுதான் அது அதிகமாகும். அதிகமானதும் அதே அலாரத்தை அணைக்கும்.

தூசிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வடக்கு இத்தாலியின் பிரெஷா அருகே உள்ள எஃகு ஆலைத் தொழிலாளர்கள் 63 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. லீவு முடிந்து வந்தபோது ஒரு முறை, மூன்று நாள் வேலைக்குப் பிறகு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். மூன்றே நாளில் 'மிர்-222', 'மிர்-21' இரண்டும் கூடியிருந்தன. அதாவது, உலோகத் தூசி உள்ள இடத்தில் சில நாள் வேலை பார்த்தாலே இந்தப் போர்மேன்களின் கணக்கு மாறுகிறது.

எஃகு ஆலைத் தூசியும் பட்டாசு மருந்தும் ஒன்றல்ல. இங்கே இருப்பது அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு. அதனால் அந்த முடிவை அப்படியே சிவகாசிக்குப் பொருத்த முடியாது. ஆனால் நுண்தூசி இதயத்துக்குக் கேடு என்பது ஏற்கெனவே உறுதியான விஷயம்.

இதற்கு டெஸ்ட், மாத்திரை இருக்கா?

இதய நோய்க்கான வழக்கமான பரிசோதனையாக மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்ட் இன்னும் வரவில்லை. இதை வைத்து ரத்தக் குழாய் அழற்சியைக் குறைக்கும் மருந்துகளும் ஆராய்ச்சி அளவில்தான் உள்ளன. யாராவது விற்க வந்தால் ஏமாற வேண்டாம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரையை வீட்டிலேயே பார்க்கிறார்கள்.
* முகத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றினால் நுண்தூசி நிற்காது. பாலியஸ்டர், நைலான் துணி என்றால் நிலைமின்சாரத் தீப்பொறி ஆபத்தும் சேரும். மருந்து அறைக்கு ஏற்ற தூசித் தடுப்பு மாஸ்க்கை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.
* வேலை உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். கை, முகம் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.
* பீடி, சிகரெட் இதே குழாய்களைத்தான் கெடுக்கும். விட்டுவிடுங்கள்.
* நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, திடீரென வாய் கோணுதல் வந்தால் 'வாயுத் தொல்லை' என்று காத்திருக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள்.

விபத்து நடந்தால் ஊரே ஓடி வரும். தூசி செய்யும் சேதத்துக்கு யாரும் ஓடி வர மாட்டார்கள். அதைப் பரிசோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.